நிறுத்தக் கூடாத எஞ்சின்

பத்மாவதியின் கடைசி இன்சுலின் போத்தல் கிணற்றடியில், ஈர மணல் நிரப்பிய மண்சட்டிக்குள் புதைந்து கிடந்தது. காலையில் அதை எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடிப்பாள். வேண்டியதில் பாதியை மட்டும் ஊசியில் ஏற்றிக்கொண்டு மறுபடி மணலுக்குள் வைத்துவிடுவாள். அந்த நேரத்தில் அவள் கணவன் கனகலிங்கம் வேறு பக்கம் திரும்பி நின்று சைக்கிளைத் துடைப்பான். அந்த மார்கழியில் ஊரிலேயே மினுக்கமான சைக்கிள் அவனுடையதுதான்.

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு. சாவகச்சேரியிலும் யாழ்ப்பாணத்திலும் அவன் ஏறி இறங்காத மருந்துக்கடை இல்லை. போரால் தெற்கே போகும் பாதை மூடிக் கிடந்தது. ஆழமில்லாத கடலேரியான களப்பைக் கடந்து ஆட்களை ஏற்றி இறக்கிய படகுகளும் கடற்படையிடம் சுடுபட்ட பிறகு ஓடவில்லை. கடைசியாக வந்த படகில் ஒருவர் செய்தி கொண்டுவந்திருந்தார். பத்மாவதியின் தம்பி செல்வநாயகம் கொழும்பிலிருந்து மருந்தோடு வந்து அக்கரையில், பூநகரியில், நிற்கிறானாம். ஈரத்துணி சுற்றிய பிளாஸ்கில் மருந்து இருக்கிறதாம். விடியும்போதெல்லாம் இறங்குதுறைக்கு வந்து பார்ப்பானாம்.

கனகலிங்கம் இறைப்பு மிசின் திருத்துகிறவன். தென்மராட்சித் தோட்டங்களில் வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் தண்ணீர் இறைக்கும் மிசின்கள் எல்லாம் என்றோ ஒருநாள் அவன் வீட்டு வளவுக்கு வந்து போனவைதான். கடலைப் பற்றி அவனுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் அவன் வளவில் ஒரு படகு இருந்தது. மண்டைதீவிலிருந்து இடம்பெயர்ந்த சிமியோன், உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக்கொண்டுவந்து, மாமரத்தின் கீழ் கவிழ்த்து, கிடுகு போட்டு மூடி வைத்த பைபர் படகு. சிமியோனும் மனைவி யசிந்தாவும் பிள்ளைகளும் அதே வளவில் ஒரு கொட்டிலில் இருந்தார்கள். படகின் எஞ்சின், வரும் வழியில் கடலுக்குள் விழுந்து எடுத்தது, சாக்கில் கட்டியபடி ஒரு மூலையில் கிடந்தது.

"சிமியோன், உம்மடை எஞ்சினைக் கழட்டிப் பாக்கட்டே?"

"உப்பிலை ஊறினது அண்ணை. அது இப்ப கருவாடு."

"கருவாடெண்டாலும் சட்டியிலை போடலாந்தானே."

சிமியோன் சிரித்தான். பிறகு கிணற்றடியில் பத்மாவதி செம்போடு தண்ணீர் குடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தான். அன்று காலை அவள் அப்படிக் குடிப்பது எத்தனையாவது முறை என்று இருவருக்குமே தெரியவில்லை. அவன் எழுந்துபோய்ச் சாக்கை இழுத்துக்கொண்டு வந்தான்.

பிஸ்ரன்கள் சிலிண்டருக்குள் ஒட்டிப்போயிருந்தன. மண்ணெண்ணெயும் தேங்காயெண்ணெயும் கலந்து ஊற்றி ஊறவிட்டு, மரக்கட்டையை வைத்துத் தட்டித் தட்டி ஒன்றை வெளியே எடுத்தார்கள். மற்றது அசையவில்லை. அதைச் சுற்றி நெருப்பு மூட்டிச் சூடாக்கியபோது, உள்ளேயிருந்து உப்பும் துருவும் கலந்த ஒரு செந்நீர் வடிந்தது. ஏதோ ஆழத்தில் செத்துப்போன பிராணியின் இரத்தம்போல அது மணலில் ஊறியது. வளையங்கள் உடைந்திருந்தன. கனகலிங்கம் பழைய மோட்டார் சைக்கிள் வளையங்களை அராவி அராவிப் பொருத்தினான். எஞ்சினைக் குளிர்விக்கத் தண்ணீர் இழுக்கும் இறப்பர்ச் சக்கரத்தை ரயர்த் துண்டில் வெட்டினான். சிலிண்டர் மூடிக்குக் கீழே ஒரு தகட்டுக்குப் பதிலாக இரண்டு தகடு வைத்தான்.

"ஏன் ரண்டு?"

"பெற்றோல் எங்கை கிடக்கு? மண்ணெண்ணெயிலைதானே ஓட்டப்போறம். அமுக்கம் குறைஞ்சால்தான் மண்ணெண்ணெய் இடிக்காமல் எரியும்."

பெற்றோல் குடாநாட்டில் மருந்தைவிட அருமையாக இருந்தது. எல்லோரும் செய்வதுபோல, கொஞ்சம் பெற்றோலைக் காபிரேற்றருக்குள் விட்டு எஞ்சினைக் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும். கனகலிங்கத்திடம் ஓர் இருமல் மருந்துப் போத்தல் நிறையப் பெற்றோல் இருந்தது. அவ்வளவுதான்.

எஞ்சினைக் கிணற்றடித் தொட்டியின் விளிம்பில் கொளுவி, தண்ணீர் நிரப்பி, கயிற்றை இழுத்தான். புகை கக்கியது. மறுபடி இழுத்தான். அது இருமியது, தும்மியது, திடீரென்று பிடித்துக்கொண்டது. காகங்கள் எழும்பின. அயலில் யாரோ இறைப்பு மிசின் ஓட்டிக்கொண்டிருந்ததால் அந்தச் சத்தத்தோடு இதுவும் சேர்ந்துகொண்டது. மண்ணெண்ணெய்க்கு மாற்றினான். ஓடியது. வேகத்தைக் குறைத்தான். அப்போதும் தாளம் பிசகாமல் ஓடியது. தொட்டித் தண்ணீரில் கையை வைத்தான். இளஞ்சூடாக இருந்தது. மிசின்காரனுக்குச் சூடு பிடிக்கும். சூடேறின மிசின்தான் சொன்னபடி கேட்கும்.

"கேட்டீரே? குழந்தை நித்திரை கொள்ளுறமாதிரிக் கிடக்கு."

"ஓம் அண்ணை. தொட்டிக்குள்ளை நல்லாத்தான் நீந்துது."

அடுத்த நாளும் அதற்கு அடுத்த நாளும் அவன் அதைக் கிளப்பினான். திருத்திய எந்த மிசினையும் மூன்று காலை ஓட்டிப் பார்க்காமல் அவன் திருப்பிக் கொடுத்ததில்லை. மருந்துப் போத்தலில் பெற்றோல் இறங்கிக்கொண்டே வந்தது.

படகை மாட்டு வண்டிலில் ஏற்றிக் களப்பின் கச்சாய்க் கரைக்குக் கொண்டுபோனார்கள். மார்கழிப் பனிப்புகார் தண்ணீருக்கு மேலே சுவர்போல நின்றது. எஞ்சின் உடனே கிளம்பியது. கரையைவிட்டு விலகிக் கொஞ்சத் தூரம் ஓடியதும் தண்ணீர் முழங்காலளவுக்குக் குறைந்தது. சிமியோன் வழக்கப்படி வேகத்தைக் குறைத்தான். எஞ்சின் ஒருமுறை விக்கியது. இன்னொருமுறை விக்கி, நின்றுவிட்டது.

பிளக்கைக் கழற்றினால் மண்ணெண்ணெயில் நனைந்து போயிருந்தது. துடைத்து, பெற்றோல் விட்டு, மறுபடி கிளப்பினார்கள். மறுபடி வேகத்தைக் குறைத்த இடத்தில் நின்றது. மூன்றாம் முறையாகக் கனகலிங்கம் கயிற்றைப் பிடித்தான். புகார் கலைந்துகொண்டிருந்தது. வெளித்துவிட்டால் அந்தப் பரந்த தண்ணீரில் அவர்கள் இருவரும் வெள்ளைத் தாளில் விழுந்த எறும்புகள்.

"விடுங்கோ அண்ணை. குந்துங்கோ." சிமியோன் தடியை எடுத்து ஊன்றித் தள்ளத் தொடங்கினான். "உது இறைக்கிற மிசின் இல்லையெண்டு நான் அப்பவே சொன்னனான். உங்களுக்கு எல்லாமே வெங்காயப் பாத்தி."

கனகலிங்கம் விளிம்போரம் குந்தினான். கையைத் தண்ணீருக்குள் விட்டபடி இருந்தான். தண்ணீர் விரல் விறைக்கக் குளிர்ந்தது. அவன் கையை வெளியே எடுத்துப் பார்த்தான். மறுபடி உள்ளே விட்டான்.

"சிமியோன்."

"என்ன?"

"தொட்டியிலை அது ஒரே தண்ணியைத் திரும்பத் திரும்பக் குடிச்சது. தண்ணி சூடாச்சு, எஞ்சினும் சூடாயிருந்துது. இஞ்சை ஒவ்வொரு மிடறும் புதுத் தண்ணி, பச்சைத் தண்ணி. குறைச்சு ஓடினால் எஞ்சின் குளிர்ந்துபோகுது. குளிர்ந்தால் மண்ணெண்ணெய் எரியாது."

"கூட்டி ஓடினால்?"

"எரியும். கூட்டினபடியே ஓடினால் அக்கரை மட்டும் எரியும். குறைச்ச உடனை சாகும்."

தண்ணீர் இழுக்கும் துளையைச் சுருக்கிப் பார்க்கலாம்தான். ஆனால் அளவு தவறினால் பிஸ்ரன் மறுபடி ஒட்டிவிடும். சரிபார்க்கப் பெற்றோலும் இல்லை. தெரிந்தவர்கள் எல்லோரிடமும் கேட்டாயிற்று. போத்தலின் அடியில் இருந்தது ஒரே ஒரு தடவை கிளப்பத்தான் போதும். தடி ஊன்றியே கடக்கலாம் என்றால், பாதி வழி போகமுன்னரே புகார் கலைந்துவிடும்.

"வேகம் குறைக்காமல் களப்பிலை ஓடேலாது அண்ணை. சேறு. விசிறி குத்தும்."

"ஒரு வள்ளத்தாலையும் ஓடேலாதோ, இல்லாட்டி உம்மடை வள்ளத்தாலை ஓடேலாதோ?"

தடி ஊன்றுவது ஒரு கணம் நின்றது. சிமியோனுக்குக் கேள்வி விளங்கிவிட்டது. அவனுடைய படகு வெளிக்கடலுக்குச் செய்தது. அடிவயிற்றின் நீளத்துக்கும் ஏரா என்கிற முதுகெலும்பு ஒரு சாண் ஆழத்துக்கு இறங்கியிருந்தது. அதற்கும் கீழே நின்றது தண்ணீரைத் தள்ளும் எஞ்சின் விசிறி. ஏராவைச் சீவி, எஞ்சின் கொளுவும் பின்பலகையை உயர்த்தினால், முழங்காலளவு தண்ணீருக்கு மேல் அது தட்டையாக வழுக்கிக்கொண்டு போகும். ஆனால் பிறகு அலையில் நிற்காது.

"மண்டைதீவுக்குத் திரும்பிப் போனால், நான் எதிலை தொழிலுக்குப் போறது?" என்றான் சிமியோன். கேள்வியாக அல்ல, தண்ணீரைப் பார்த்துச் சொன்னான். பிறகு தடி ஊன்றிப் படகைக் கரையில் சேர்த்தான்; வண்டில் அதை மறுபடி வளவுக்கு ஏற்றிவந்தது.

அன்று பின்னேரம் பத்மாவதி குடித்த தண்ணீரெல்லாம் வெளியே வரச் சத்தி எடுத்தாள். அவள் மூச்சில் அழுகிய பழத்தின் மணம் வந்தது. அது என்ன மணம் என்று கனகலிங்கத்துக்குத் தெரியும். இன்சுலின் போதாமல் இரத்தம் நஞ்சாகும்போது வரும் மணம் என்று முன்பு ஒருமுறை ஆஸ்பத்திரியில் டொக்டர் சொல்லியிருந்தார். மணற்சட்டியிலிருந்து போத்தலை எடுத்து அவனே வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். கண்ணாடியின் அடிவளைவில் மட்டும் ஏதோ மினுங்கியது.

மறுநாள் காலை வாள் அறுக்கும் சத்தம் கேட்டது. படகு கவிழ்ந்து கிடந்தது. சிமியோன் அதன் முதுகில் ஏறியிருந்து ஏராவை அறுத்துக்கொண்டிருந்தான். பைபர் தூசி அவன் புருவங்களில் வெள்ளையாகப் படிந்திருந்தது. கொட்டில் வாசலில் நின்ற யசிந்தா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு உள்ளே போய்த் தட்டிக் கதவை இழுத்துச் சாத்தினாள்.

பத்மாவதி சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். "தம்பி, சொல்லுறன் கேளும். எனக்காக உம்மடை வள்ளத்தை வெட்டாதையும்."

"ஆர் சொன்னது உங்களுக்காக எண்டு? உங்கடை மனிசன் ஒரு கருவாட்டை எஞ்சின் எண்டு சொல்லிக்கொண்டு திரியிறார். அது ஓடுமோ ஓடாதோ எண்டு நான் பாக்கோணும் அக்கா. நீங்கள் போய்ப் படுங்கோ."

அவள் போகவில்லை. வேலியோரம் குந்திவிட்டாள். கனகலிங்கம் அவளைத் தூக்கிக்கொண்டு போய்ப் படுக்கவைக்க வேண்டியிருந்தது. அவள் பாரமே இல்லை. அதுதான் அவனைப் பயமுறுத்தியது.

பகல் முழுவதும் வேலை நடந்தது. இடையில் ஆமி ஹெலிகொப்டர் ஒன்று தாழப் பறந்து வந்தது. இருவரும் கிடுகுகளை இழுத்துப் படகை மூடிவிட்டு, மாமரத்தோடு ஒட்டி நின்றார்கள். அது வட்டமிட்டுப் போகும்வரை சிமியோனின் கையில் வாள் அப்படியே இருந்தது. பின்பலகையின் மேல் பூவரசம் பலகை ஒன்றை ஆணி அறைந்து உயர்த்தினார்கள். அறுத்த இடத்தை மூடப் பைபர் ஒட்டும் றெசின் எங்கும் கிடைக்கவில்லை. குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சி, சாக்குத் துண்டை அதில் தோய்த்து, சூடாகவே ஒட்டி அழுத்தினார்கள். வளவெல்லாம் பூசை நேரத்துக் கோயில்போல மணத்தது. உள்ளே பத்மாவதி, "ஆர் சாம்பிராணி போடுறது?" என்று கேட்டாள். ஒருவரும் போடவில்லை என்றான் கனகலிங்கம். சற்றுக் கழித்து அதையே மறுபடி கேட்டாள். இந்த முறை அவள் கண்கள் அவனைப் பார்க்கவில்லை.

அடுத்த நாள் விடியும் வெள்ளைப் புகாருக்குள் கச்சாய்க் கரையில் படகை இறக்கினார்கள். வீட்டில் யசிந்தா பத்மாவதிக்குப் பக்கத்தில் இருந்தாள். தானாகவே வந்து இருந்தாள்.

தடி ஊன்றி, ஒரு பழைய இறங்குதுறைக் கம்பத்தில் படகைக் கயிற்றால் கட்டினார்கள். அது கனகலிங்கத்தின் யோசனை. கட்டியபடியே முழு வேகத்தில் ஓடவிட்டு, எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகுதான் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது. போத்தலின் அடியில் இருந்த பெற்றோலைக் கடைசித் துளிவரை காபிரேற்றருக்குள் கவிழ்த்தான். சிமியோன் சிலுவை போட்டுக்கொண்டான். கனகலிங்கம் கயிற்றை இழுத்தான்.

கிளம்பியது. படகு முன்னே பாய முயன்று, கட்டிப்போட்ட மாடுபோல இழுத்து இழுத்து ஆடியது. கம்பம் முனகியது. கனகலிங்கம் சிலிண்டரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டிருந்தான். தாங்கமுடியாமல் எடுத்தபோது மண்ணெண்ணெய்க்கு மாற்றினான். சத்தம் கொஞ்சம் தடித்தது. ஆனால் நிற்கவில்லை.

"வெட்டும்!"

சிமியோன் கயிற்றை வெட்டினான்.

இப்படி ஒரு பயணத்தைக் கனகலிங்கம் எண்ணியதே இல்லை. முன்னும் பின்னும் வெள்ளை. கீழே தண்ணீரா சேறா என்று தெரியவில்லை. படகு எதையும் தொடாமல் போவதுபோல இருந்தது. சிமியோன் வாடைக்காற்றை இடது பிடரியில் வாங்கியபடி, அதை ஒன்றையே வழிகாட்டியாகக் கொண்டு ஓட்டினான். திடீரென்று புகாருக்குள்ளிருந்து கம்புகள் முளைத்தன. களங்கண்டி. மீன் மறிக்க வரிசையாக நட்ட கம்புகள். சிமியோன் சுக்கானை ஒடித்தான். ஏரா இல்லாத படகு திரும்பாமல் பக்கவாட்டில் வழுக்கியது. ஒரு கம்பு கனகலிங்கத்தின் தோளை உரசிக்கொண்டு போனது.

"எருமை வள்ளம்!" என்று சிமியோன் கத்தினான். "திருப்பினால் திரும்புதில்லை!"

"குறையாதையும்!"

"ஆர் குறைச்சது?"

அடிப்பக்கத்தில் குங்கிலியம் ஒட்டிய இடத்தில் ஒரு மூலை கிளம்பித் தண்ணீர் கசிந்தது. கனகலிங்கம் சிரட்டையால் அள்ளி ஊற்றினான். அள்ளிக்கொண்டே காதால் எஞ்சினைப் பிடித்திருந்தான்.

அக்கரைப் பனைகள் முதலில் நிழலாகத் தெரிந்தன. பிறகு யாரோ வெள்ளைத் துணியை ஆட்டினார்கள். செல்வநாயகம். முழங்காலளவு சேற்றில் நின்றான். தோளில் வார் போட்ட பிளாஸ்க் தொங்கியது.

அதுவரை இருவரும் பேசாமல் விட்ட ஒரு விஷயம் அப்போதுதான் எதிரே வந்து நின்றது. நிறுத்தமுடியாது. கரையில் ஏற்றவும் முடியாது.

"நான் வட்டம் அடிக்கிறன்," என்றான் சிமியோன். "நீங்கள் குதிச்சுப் போய் வாங்கிக்கொண்டு வாங்கோ. வரேக்கை பிடிச்சு ஏத்திறன்."

கனகலிங்கம் குதித்தான். சேறு இடுப்புவரை வாங்கியது. காலை இழுத்து, இழுத்து, செல்வநாயகத்திடம் போனான்.

"அத்தான், அக்கா எப்பிடி?"

"தா, கெதியாத் தா."

பிளாஸ்கை வாங்கிக்கொண்டு திரும்பினான். பின்னால் செல்வநாயகமும் சேற்றை மிதித்துக்கொண்டு வந்தான். படகு வெள்ளைக்குள் பெரிய வட்டமொன்றை வரைந்துகொண்டு வந்தது. கனகலிங்கம் கையை நீட்டினான். திரும்பும்போது அது வெளியே வழுக்கி, அவன் கைக்கு எட்டாமல் நீரை வாரி இறைத்துவிட்டுப் போனது. இரண்டாம் வட்டத்தில் நேரே அவன் மேலே வந்தது. அவன் பின்னால் விழுந்தான். பிளாஸ்க் பிடித்த கை மட்டும் தண்ணீருக்கு மேலே நின்றது.

எழும்பியபோது புகார் மெலிந்திருந்தது. மேற்கிலிருந்து இன்னொரு சத்தம் கேட்டது. கனமான, பெற்றோலில் ஓடும், ஒரு குறையும் இல்லாத எஞ்சின் ஒன்றின் சத்தம்.

மூன்றாம் வட்டம். சிமியோனின் முகம் தெரிந்தது. ஒரு கை சுக்கானில். மற்றக் கை வேகத்தைக் குறைக்கப் போவதைக் கனகலிங்கம் கண்டான். எஞ்சினின் குரல் இறங்கியது. உடனே ஒரு விக்கல்.

"குறையாதை!" கனகலிங்கம் அடித்தொண்டையால் கத்தினான். "குறையாதை! என்னை விடு! இதைப் பிடி!"

பிளாஸ்கின் வாரை விரல்களில் விரித்து, கையைத் தலைக்கு மேலே நீட்டினான். ஓர் ஆளை இந்த வேகத்தில் தூக்கமுடியாது. ஒரு வாரைக் கையால் கொளுவி எடுக்கலாம். எஞ்சின் மறுபடி உறுமியது. படகு வழுக்கும் தூரத்தை இப்போது சிமியோன் அளந்திருந்தான். முன்கூட்டியே திருப்பினான். உடம்பை வெளியே சாய்த்து, முழங்கையை வளைத்துக்கொண்டு வந்தான். கனகலிங்கத்தின் விரல்கள் எரிந்தன. கை வெறுமையானது.

"நீங்கள் என்ன செய்யப்போறியள்?" சிமியோன் திரும்பிப் பார்த்துக் கத்தினான். பிளாஸ்க் அவன் கழுத்தில் தொங்கியது.

"போடா! போ!"

வெள்ளை அவனை விழுங்கியது.

கனகலிங்கமும் செல்வநாயகமும் கரைச் சதுப்பில் அடர்ந்த கண்ணாப் பற்றைக்குள் ஊர்ந்துபோய் வயிற்றோடு படுத்தார்கள். மேற்கிலிருந்து வந்த எஞ்சின் நெருங்கியது. எங்கோ துப்பாக்கி சடசடத்தது. எந்தப் பக்கம் சுடுகிறார்கள் என்று தெரியவில்லை. சுட்ட கடற்படைக்கே தெரிந்திருக்காது. புகாரைப் பார்த்துச் சுட்டார்கள்.

"அத்தான், இனி நீங்கள் எப்பிடி வீட்டை போவியள்? படகு ஒண்டும் ஓடேல்லையே."

"கதையாதை. கேக்க விடு."

அவன் கண்ணை மூடிக்கொண்டான். இரண்டு சத்தங்களில் ஒன்றை மெல்ல மெல்ல ஒதுக்கித் தள்ளினான். மற்றது வடக்கே, தகரத்தில் கூழாங்கல் உருட்டுவதுபோல, அராவிய வளையங்களோடும் ரயர்த் துண்டோடும் போய்க்கொண்டிருந்தது. துப்பாக்கி ஓய்ந்தது. கனமான எஞ்சின் மேற்குப் பக்கமாகத் திரும்பியது. அவன் மூச்சைப் பிடித்தான். அந்த எஞ்சின் நின்றால் எப்படி நிற்கும் என்று உலகத்தில் அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். முதலில் ஒரு விக்கல். பிறகு இன்னொன்று.

விக்கல் வரவில்லை. சத்தம் சிறிதாகியது. ஒரு வண்டளவு, பிறகு ஒரு நுளம்பளவு. பிறகு கேட்கிறதா, கேட்பதாக நினைக்கிறானா என்று பிரிக்கமுடியாத அளவு.

"நிண்டிட்டுதோ?" என்று செல்வநாயகம் கேட்டான்.

"இல்லை," என்றான் கனகலிங்கம். "தூரமாப் போயிட்டுது."